சனிக்கிழமைக் கிடங்கு

எதிரே லவோனின் வீட்டு வாசலில் ரெனாட்டாவின் வேன் வந்து நின்றதிலிருந்து அதன் பின்கதவு மறுபடி மூடப்பட்டது வரை ஆர்டிஸ் தன் சமையலறை ஜன்னலை விட்டு நகரவில்லை. கையில் ஒரு தட்டும் துடைக்கும் துணியும் இருந்தன. தட்டு காய்ந்து வெகுநேரமாகியிருந்தது. கை மட்டும் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தது.

வேனிலிருந்து இறங்கியவற்றை அவள் ஒன்றுவிடாமல் எண்ணினாள். கழிப்பறைக் காகிதம், நாற்பத்தெட்டு சுருள்கள் ஒரே பொதியாக. கைக்குழந்தையைப்போல் மார்போடு அணைத்துத் தூக்க வேண்டிய மயோனைஸ் ஜாடி ஒன்று. ஐந்து டஜன் முட்டை அடுக்கிய அட்டை. பிறகு மஃபின் பெட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக அவை உயர்ந்துகொண்டே போக, அவற்றின் பின்னால் லவோனின் முகம் மறைந்தே போனது. இத்தனையும் தனியாக வாழும் அறுபத்தாறு வயது விதவைக்கு.

பொருள்களைக்கூட ஆர்டிஸ் பொறுத்துக்கொண்டிருப்பாள். மஃபின் பெட்டிகள் சரிந்து நடைபாதைப் பனியில் விழுந்தபோது லவோனும் ரெனாட்டாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தார்களே, அதுதான் அவள் நெஞ்சில் போய்த் தைத்தது. லவோன் அப்படிச் சிரித்து ஆர்டிஸ் பார்த்துப் பல வருடங்களாகின்றன.

"அங்க என்ன சினிமாவா ஓடுது?" மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஹார்லன், தலையை நிமிர்த்தாமலே தன் மனைவியைக் கேட்டார்.

"எதுவும் ஓடல. தட்டு துடைக்கிறேன்."

"அந்தத் தட்டுல பூப்போட்டிருந்துதே, இன்னும் இருக்கா, போயிடுச்சா?"

ஆர்டிஸ் அதை அடுக்கில் வைத்துவிட்டு இன்னொரு தட்டை எடுத்தாள்.

முப்பத்தொரு வருடங்களாகப் புதன்கிழமைக் காலை என்பது அவளுக்கும் லவோனுக்கும் உரியது. அன்று ஸ்கோக் மளிகையில் தள்ளுபடிச் சீட்டுகளுக்கு இரட்டை மதிப்பு. பத்து மணிக்கு இருவரும் புறப்படுவார்கள். சீட்டுகளைக் கொடுத்துச் சாமான் வாங்குவார்கள். பிறகு கடையின் மூலையில் இருக்கும் இரண்டு நாற்காலிகளில் அமர்ந்து, காபியோடு கேரமல் ரோல் என்ற இனிப்பு ரொட்டி ஒன்றை ஆளுக்குப் பாதியாகத் தின்பார்கள். லவோனின் கணவர் இறந்த வாரத்தில்கூட அந்தப் புதன்கிழமை தவறவில்லை. மினசோட்டாவின் அந்தச் சிற்றூரில் ஆர்டிஸுக்கு உறவென்றும் அறிமுகமென்றும் முந்நூறு பேர் இருந்தார்கள். மனதைத் திறந்து பேச இருந்தவள் ஒருத்திதான்.

அந்த ஒருத்திக்கு இடது காது கேட்காது. ஆறு வருடங்களாகவே அப்படித்தான். லவோன் அதை யாரிடமும் சொன்னதில்லை. ஆர்டிஸும் தனக்குத் தெரியும் என்று காட்டிக்கொண்டதில்லை. எங்கே நடந்தாலும் அவளுடைய வலப்பக்கம் போய்ச் சேர்ந்துகொள்வாள். தேவாலயத்திலும் வலப்பக்கமே உட்காருவாள். சொல்லாமல் செய்வதுதான் உதவி, சொல்லிக்காட்டினால் அது அவமானம் என்பது ஆர்டிஸ் வளர்ந்த வீட்டின் பாடம். இந்த ஏற்பாட்டில் அவளுக்கும் ஒரு சிறு சௌகரியம் இருந்தது. லவோனின் மேல் எப்போதாவது எரிச்சல் வந்தால், அவளுடைய இடப்பக்கமாக நின்று முணுமுணுத்துத் தீர்த்துக்கொள்வாள். பாரமும் இறங்கிவிடும், பகையும் வராது.

அப்படியிருந்த உறவுக்குள் ரெனாட்டா வந்தது ஜனவரியில்.

அவள் நியூ ஜெர்சிக்காரி. கணவருக்கு வான்கோழி ஆலையில் மேலாளர் வேலை கிடைத்ததால் சென்ற கோடையில் இங்கே குடிவந்தவள். எழுபது மைல் தொலைவிலிருந்த நகரத்தில் ஒரு பிரம்மாண்டமான மலிவுவிலைக் கிடங்கு இருந்தது. உள்ளே நுழையவே ஆண்டுச் சந்தா கட்டி அட்டை வாங்க வேண்டும். எதை எடுத்தாலும் மூட்டையாகத்தான் எடுக்க வேண்டும். ரெனாட்டாவிடம் அந்த அட்டை இருந்தது. ஓர் அடக்கச் சடங்கு முடிந்து தேவாலயத்தின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள்தான் ஆர்டிஸிடம் வந்து கேட்டாள்.

"ஆர்டிஸ், சனிக்கிழமை நான் கிடங்குக்குப் போறேன். என் அட்டையில கூட ஆள் கூட்டிட்டுப் போலாம். வர்றீங்களா?"

"ஐயோ, வேண்டாம் வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சரி" என்றாள் ரெனாட்டா.

அந்த ஊரில் யாரும் முதல் அழைப்புக்கு இசைவதில்லை. ஒரு பிஸ்கட்டை நீட்டினாலும் அப்படித்தான். முதல் அழைப்பு மரியாதைக்கு, இரண்டாவது, முதலாவது பொய்யில்லை என்று காட்டுவதற்கு, மூன்றாவதுதான் அழைப்பு. இரண்டு முறை மறுத்து, மூன்றாம் முறை "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று பெருமூச்சோடு இசைவதே பண்பட்டவர்களின் வழக்கம். ஆர்டிஸ் இரண்டாவது மறுப்புக்கான முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். ரெனாட்டாவோ அதற்குள் திரும்பிவிட்டிருந்தாள்.

"லவோன், நீங்க?"

"வர்றேன்" என்றாள் லவோன். "எத்தனை மணிக்கு?"

முதல் கேள்விக்கே! கையில் ஈரப் பாத்திரத்தோடு, கூச்சமில்லாமல், ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல்! ஒரே நிமிடத்தில் ஆர்டிஸ் இரண்டு முடிவுகளுக்கு வந்தாள். ரெனாட்டா தன்னை ஒப்புக்குத்தான் அழைத்தாள். அவள் குறி வைத்தது லவோனைத்தான். லவோனோ அந்த அழைப்புக்காகப் பசியோடு காத்திருந்திருக்கிறாள். அன்றிலிருந்து இது ஒன்பதாவது சனிக்கிழமை.

செவ்வாய் மாலை தொலைபேசி மணி அடித்தது.

"ஆர்டிஸ், நாளைக்கு நான் வரலடி" என்றாள் லவோன். "வாங்க ஒண்ணுமே இல்ல. எல்லாம் வீட்டுல கெடக்கு. அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் கெடக்கும்."

"அதனால என்ன" என்றாள் ஆர்டிஸ். "எனக்கும் நாளைக்கு வேலை இருக்கு."

வேலை எதுவும் இருக்கவில்லை. தொலைபேசியை வைத்த கையோடு அவள் ஹார்லனின் எதிரே வந்து உட்கார்ந்தாள். பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற அந்த மனிதர், முப்பத்தெட்டு வருடத் தாம்பத்திய அனுபவத்தில், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார்.

"எழுபது மைல் போக, எழுபது மைல் வர" என்று ஆரம்பித்தாள் ஆர்டிஸ். "பெட்ரோலுக்கு ஆன காசுல மிச்சம் பிடிச்சது கரைஞ்சிடாதா? கடைக்குள்ள நுழையறதுக்கே சந்தாவாம்! செலவு பண்றதுக்கு அனுமதிச் சீட்டு வாங்கற கூத்தை எங்கயாவது கேட்டிருக்கியா? அவ ஒருத்தி எத்தனை முட்டை திம்பா? பாதி அழுகித்தான் போகும்."

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதாகத்தான் அவளுடைய வாதம் நின்றது. அதில் தவறும் இல்லை. ஆனால் ஒரு வாதம் சரியாக இருப்பதற்கும் அதைச் சொல்பவர் அதற்காகத்தான் சொல்கிறார் என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை ஹார்லன் நன்றாக அறிந்தவர்.

"லவோனுக்கு வர்ற ஓய்வூதியம் கொஞ்சம்தானே" என்றார் அவர். "முட்டை பாதி விலைன்னா போகத்தான் செய்வா. டயர்கூட அங்க ரொம்ப மலிவாம். நானே உங்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"ஸ்கோக் கதி என்ன? போன வருஷப் பனிப்புயல்ல ஊரே மூணு நாள் மூடிக் கெடந்தப்ப, டிராக்டர் ஓட்டிட்டு வந்து வீடு வீடா பால் குடுத்தது யாரு? கிடங்குக்காரனா?"

"ஸ்கோக்தான் குடுத்தான். பாக்கெட்டுக்குப் பத்து சென்ட் கூடவும் வாங்கினான்."

"நீ யார் பக்கம்?"

"நான் டயர் பக்கம்" என்றார் ஹார்லன்.

மறுநாள் அவள் தனியாகவே ஸ்கோக் மளிகைக்குப் போனாள். சீட்டுகளைக் கொடுத்தாள், சாமான் வாங்கினாள், மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்க தோஷத்தில் ஸ்கோக் கேரமல் ரோலை இரண்டாக வெட்டி, இரண்டு தட்டுகளில் வைத்துக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம்தான் எதிர் நாற்காலியைப் பார்த்தார்.

"லவோன் எங்க?"

"வீட்டுல."

"கிடங்குக்குப் போற கூட்டத்துல சேந்துட்டா போல." அவர் மேசையைத் துணியால் ஒற்றினார். "பாதி ஊரு போகுது."

"இப்படியே போனா உங்க கடை என்னாகறது? நாங்க விடமாட்டோம்" என்றாள் ஆர்டிஸ், தன் கோபத்துக்கு ஒரு பொதுநல வடிவம் கிடைத்த உற்சாகத்தில். அப்போதுதான் ஸ்கோக்கின் தோளுக்குப் பின்னாலிருந்த அலமாரி அவள் கண்ணில் பட்டது. சாக்லேட் டப்பாக்களின் அடியில், சரியாகக் கிழிக்கப்படாமல், கிடங்கின் சொந்த முத்திரை பதித்த பிளாஸ்டிக் உறை பளபளத்துக்கொண்டிருந்தது.

அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார். காது மடல்கள் சிவந்தன.

"வியாழக்கிழமை நானும் போவேன்" என்றார் தணிந்த குரலில். "எனக்குச் சரக்குப் போடற மொத்த வியாபாரி சொல்ற விலையைவிட அங்க கம்மி. என்ன செய்யச் சொல்றீங்க?"

இரண்டு பாதிகளையும் ஆர்டிஸே தின்றாள். ஊரே போகிற இடத்துக்குத் தன்னை மட்டும் யாரும் மனதாரக் கூப்பிடவில்லை என்ற எண்ணமும் அவற்றோடு சேர்ந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை, பழைய தபால்காரர் கிளாரன்ஸின் அடக்கம். அடக்கத்துக்குப் பிந்தைய மதிய உணவு வழக்கம்போல் தேவாலயத்தின் அடித்தளத்தில். அந்தச் சமையலறையில் பன்னில் வெண்ணெய் தடவும் பொறுப்பு இருபது வருடங்களாக ஆர்டிஸுடையது. வெண்ணெய் விளிம்புவரை போக வேண்டும். விளிம்பில் வெறும் பன் தெரிந்தால் அது செத்தவருக்குச் செய்யும் துரோகம் என்பது அவள் கொள்கை. அன்று அவள் நான்காவது டஜனில் இருந்தபோது, ரெனாட்டா தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மெல்லிய துண்டுகளாக வெட்டி அடுக்கிய ஹாம் பன்றியிறைச்சி நான்கு பெரிய தட்டுகளில். அவற்றின் பின்னால் மேசைப்பலகை அகலத்துக்கு இரண்டு கேக்குகள்.

"இவ்வளவும் எவ்வளவு ஆச்சு?" என்று பாஸ்டரின் மனைவி கேட்டார். ரெனாட்டா சொன்ன தொகையைக் கேட்டு, சமையலறையில் நின்ற நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளிழுத்தார்கள்.

"இதை நாம பண்ணியிருந்தா ரெண்டு நாள் வேலை."

"ருசியும் பரவாயில்லையே!"

துக்கத்துக்கு வந்தவர்கள் கேக் இருந்த மேசையின் முன்னால் வரிசையாக நின்றார்கள். ஆர்டிஸ் விடியற்காலையில் எழுந்து செய்த எலுமிச்சை இனிப்புத் துண்டுகள், ஓரம் நறுக்கிய நேர்த்தி குலையாமல், மூலைத் தட்டில் அப்படியே இருந்தன. லவோன் பெரிய காபிப் பானையின் முன்னால் நின்று கோப்பைகளை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவள் கையில் ஒரு துண்டு கேக். அவளும்தான்! ஆர்டிஸ் அடுக்கிய கோப்பைகளோடு அவளுடைய இடப்பக்கம் போய் நின்றாள். ஒன்பது வாரப் பொருமலும் அப்போது நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது.

"நாலு டஜன் மஃபினுக்கு விலைபோயிட்டா" என்று கோப்பைகளைப் பார்த்து முணுமுணுத்தாள். "எலும்புத்துண்டு போட்டவ பின்னால வாலாட்டிட்டுப் போற நாய் மாதிரி."

லவோன் திரும்பவில்லை. கோப்பை நிரம்பும்வரை காத்திருந்து, குழாயை மூடினாள்.

"ஆறு டஜன்" என்றாள்.

ஆர்டிஸ் கையிலிருந்த கோப்பைகளை மேசையில் வைத்தாள். லவோன் இடப்பக்கத் தலைமுடியை விரலால் ஒதுக்கிக் காட்டினாள். காதின் பின்னால், பட்டாணி அளவில், தோல் நிறத்தில் ஒரு கருவி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காதுக்குள் இறங்கியது.

"மூணு வாரமாச்சு. நல்லாவே கேக்குது."

"இது... எங்க வாங்கின?"

"கிடங்குல. டயருக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு அறை இருக்கு. அங்க காது பாக்கறாங்க. நகரத்து டாக்டர் சொன்ன விலையில பாதிகூட இல்ல. அளவெடுக்க, சரிபண்ண, மறுபடி சரிபண்ணன்னு திரும்பத் திரும்பப் போகவேண்டியிருந்துது."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கலயே."

"அவகிட்ட மட்டும் சொன்னியா?"

"அவ கேட்டா. பாத்திரம் கழுவிட்டிருந்தப்ப பளிச்சுனு கேட்டா, 'உங்களுக்கு இந்தப் பக்கம் காது கேக்காதா?'ன்னு. ஆறு வருஷத்துல எங்கிட்ட அதைக் கேட்ட மொத ஆளு அவதான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. அவ அந்த அறையைப் பத்திச் சொன்னதும் அதனாலதான். அப்புறம் அவ வர்றீங்களான்னப்போ, எப்படிடி வேண்டாம்பேன்?"

"எனக்குத் தெரியும்!" ஆர்டிஸின் குரல் அடித்தளம் முழுவதும் கேட்டது. "ஆறு வருஷமா எனக்குத் தெரியும்! உன் வலப்பக்கமா நடந்து நடந்து என் செருப்பே ஒரு பக்கமாத் தேஞ்சு போச்சு!"

"தெரியும்னு எனக்கும் தெரியும்" என்றாள் லவோன். "நீ சொல்லுவே சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்."

ஆறு வருடங்கள் தான் அன்பென்று நினைத்துச் செய்ததை, எங்கிருந்தோ வந்தவள் ஒரே கேள்வியால் முந்திவிட்டாள் என்ற ஆத்திரம் மட்டும் மிச்சமிருந்தது. அதைக் கொட்ட அவள் ரெனாட்டாவின் பக்கம் திரும்பினாள்.

"இவளைக் கூட்டிட்டுப் போகணும்னா நேரா இவளையே கேட்டிருக்கலாமே. என்னை எதுக்கு ஒப்புக்குக் கூப்பிட்டீங்க?"

"ஒப்புக்கா?" ரெனாட்டா கத்தியைக் கீழே வைத்தாள். "நான் மொதல்ல உங்களைத்தான் கேட்டேன். நீங்கதான் வேண்டாம்னீங்க."

"ஒரு தடவைதான் வேண்டாம்னேன்!"

"வேற எத்தனை தடவை சொல்லணும்? வேண்டாங்கறவங்களை மறுபடி மறுபடி கேட்டா தொந்தரவு இல்லையா? எங்க ஊர்ல அடிக்க வந்துடுவாங்க. இங்க எத்தனை தடவைதான் கேக்கணும்?"

"மூணு" என்றாள் ஆர்டிஸ்.

"மூணு" என்றார் பாஸ்டரின் மனைவி. அடுப்பின் பக்கமிருந்து மேலும் இரண்டு குரல்கள் அதையே சொல்லின. அதில் விவாதிக்க எதுவுமே இல்லை என்ற தொனியில்.

ரெனாட்டா அருகிலிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். அவள் கண்கள் ஒவ்வொரு முகமாகப் போயின.

"காபிக்கு வாங்கன்னு உங்க எல்லாரையும் கூப்பிட்டேன்" என்றாள். "எல்லாரும் வேண்டாம்னீங்க. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இருபது பேரைக் கூப்பிட்டுட்டு, சீஸ் போட்டுச் சுட்ட ஒரு பெரிய தட்டு லசான்யாவை நானும் என் புருஷனும் மூணு நாள் தின்னோம். இந்த ஊருக்கு என்னைப் பிடிக்கலன்னு நெனச்சேன். எட்டு மாசமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன். லவோன் ஒருத்திதான் வர்றேன்னா."

அவளுடைய மிகப்பெரிய தட்டு லசான்யாவை அவர்கள் அனைவரும் இரண்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தே இழந்திருந்தார்கள். பாஸ்டரின் மனைவி தன் சமையல் அங்கியின் நுனியைத் திருகினார்.

லவோன் சமையல் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "நாய்னியே, ஆர்டிஸ்" என்றாள், சத்தமில்லாமல். பிறகு படியேறிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை வேன் வந்தது, போனது. மாலையில் திரும்பி வந்தது. இந்தமுறை ஜன்னலோரத்தில் ஆர்டிஸ் தட்டுகூட வைத்திருக்கவில்லை. ரெனாட்டாவை வெறுக்க முடிந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். மூன்று நாள் லசான்யா அந்த வழியை அடைத்துவிட்டது. ஆனால் பொறாமைக்குக் காரணம் போய்விட்டால் பொறாமையும் கூடவே போய்விடும் என்று யார் சொன்னது? அது வேறு இடம் தேடி உட்கார்ந்துகொள்ளும். லவோனின் காதுக்குள் இப்போது நுழையும் முதல் குரல் யாருடையது, பல வருடங்களுக்குப் பிறகு அவள் இருபுறமும் கேட்ட முதல் நகைச்சுவை யார் சொன்னது என்றெல்லாம் எண்ணி எண்ணி ஆர்டிஸ் வெந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு பயம். வரப்போகும் புதன்கிழமையும் போய்விடுமோ? அதற்கடுத்த புதன்கிழமையும்?

செவ்வாய்க்கிழமை லவோனிடமிருந்து அழைப்பு வரவில்லை. நான்கு மணிக்கு ஆர்டிஸ் உருளைக்கிழங்கும் கோழியும் சேர்த்துச் சுட்ட ஒரு தட்டை அடுப்பிலிருந்து எடுத்து, மேலே துணி மூடி, தெருவைக் கடந்தாள். மன்னிப்புக் கேட்பதற்கு அந்த ஊரில் வேறு மொழி கிடையாது. சூடான தட்டை நீட்டினால் போதும். வாங்கிக்கொள்பவரும் எதையும் குறிப்பிடமாட்டார்.

லவோன் கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள்; வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வர்றியா?"

"இல்ல இல்ல, சும்மா இதைக் குடுத்துட்டுப் போலாம்னுதான்..."

"சரி" என்றாள் லவோன். கதவு சாத்திக்கொண்டது.

ஆர்டிஸ் மூடிய கதவை உற்றுப் பார்த்தபடி நின்றாள். கூரையிலிருந்து உருகிய பனி அவள் கழுத்தில் சொட்டியது. முப்பத்தொரு வருடங்களில் அந்தக் கதவு அவள் முகத்துக்கு எதிரே சாத்தப்பட்டதே இல்லை. படியிறங்கி, தெருவின் நடுவரை போனாள். அங்கிருந்து தன் வீட்டு ஜன்னல் தெரிந்தது. இனி வரும் சனிக்கிழமைகளெல்லாம் தான் நிற்கப்போகும் இடம் அதுதான் என்பதும் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி வந்து மணியை அழுத்தினாள். எடுத்த விரலை மறுபடி வைத்து, இன்னொரு முறை அழுத்தினாள்.

"பொய் சொன்னேன்" என்றாள், கதவு முழுதாகத் திறப்பதற்குள். "எனக்கு உள்ள வரணும். அன்னைக்கே கிடங்குக்கும் வரணும்னுதான் இருந்துது. கூப்பிட்ட ரெண்டாவது நிமிஷமே வரணும்னு இருந்துது. நீ அவகூடச் சிரிக்கறதை ஜன்னல் வழியாப் பாத்துப் பாத்து என் வயிறெல்லாம் எரியுது லவோன். மஃபினும் இல்ல, ஸ்கோக்கும் இல்ல. பொறாமை. வேற ஒண்ணுமே இல்ல. நாய்னு சொன்னது தப்பு. இதை நீ ஏன் மொதல்ல அவகிட்ட சொன்னேன்னு நெனச்சா இப்பவும் எரியுது. அதையும் சொல்லிடறேன்."

இவ்வளவு நீளமான உண்மையை அவள் ஒரே மூச்சில் சொன்னதே இல்லை. லவோன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்தாள்.

"பாத்து வா. காகிதம் இருக்கு."

வீட்டினுள் நடையின் இருபுறமும் கழிப்பறைக் காகிதம் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. குளியலறைத் தொட்டியிலும் ஒரு பொதி கிடந்தது. சமையலறை மேசையில் திறந்துவைத்த மூன்று மஃபின் பெட்டிகள். இரண்டில் பச்சை பூத்திருந்தது.

"நீ சொன்னது சரிதான்" என்றாள் லவோன், பூசணம் பிடித்தவற்றைக் குப்பைப்பையில் கவிழ்த்தபடி. "பாதி அழுகிடுது. அங்க நிக்கறப்ப இதெல்லாம் வேணும்னுதான் தோணுது. வீட்டுக்கு வந்ததும் ஏண்டா வாங்கினோம்னு இருக்கு. அந்த மயோனைஸை நான் சாகறதுக்குள்ள தீக்க முடியாது."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஹார்லன் எங்கிட்ட சொன்னார்."

ஆர்டிஸ் நாற்காலியில் அமர்ந்தாள். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே உட்கார்ந்துவிட்டோம் என்பது அமர்ந்த பிறகுதான் உறைத்தது. எழப்போனவளின் கையை லவோன் பிடித்து நிறுத்தினாள். இருவரும் சூடான கோழியைச் சாப்பிட்டார்கள். நாளைக்குப் பத்து மணிக்கு ஸ்கோக் கடை என்று பேச்சு வாக்கில் முடிவானது. வாங்குவதற்கு ஒன்றுமில்லை என்பதை இருவரும் குறிப்பிடவில்லை.

ஆர்டிஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். அடக்க முடியவில்லை.

"போக எழுபது மைல், வர எழுபது மைல். அவ்வளவு நேரம் ரெண்டு பேரும் என்னத்தைப் பேசுவீங்க?"

லவோன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பெரும்பாலும் உன்னைப் பத்தித்தான்."

ஆர்டிஸின் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அதே கணத்தில் ஏதோ பற்றிக்கொண்டது. பத்து சனிக்கிழமைகள் அந்த வேனில் தான் இல்லாமலே தான் இருந்திருக்கிறோம். தன் கதைகளெல்லாம் இப்போது இன்னொருத்தியிடமும் இருக்கின்றன.

"என்ன சொன்னே?"

"சனிக்கிழமை வா. அவகிட்டயே கேட்டுக்கோ."

"அவ கூப்பிடணுமே."

"கூப்பிடுவா. மூணு தடவை கூப்பிடணும்னு சமையலறைச் சுவத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கா, பாவம். ஆனா நீ மொதத் தடவையே சரின்னு சொல்லிடு. அவளுக்குச் சீக்கிரம் முடியும்."

"வர்றேன்" என்றாள் ஆர்டிஸ். கோழித் துண்டு ஒன்றை முள்கரண்டியால் தட்டைச் சுற்றித் தள்ளினாள். "முன்சீட்டுல யாரு உக்காருவா?"

"நான்தான். பின்னால உக்காந்தா எனக்குத் தலைசுத்தும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். ஆர்டிஸ் அந்தக் கோழித் துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"போகும்போது நீ" என்றாள். "வரும்போது நான்."